செயலிக்குள் வரும் விளம்பரத்தை நிறுத்த விபிஎன் வேண்டுமா?

பஞ்சாங்கச் செயலியைத் திறக்கிறீர்கள். பார்க்க வேண்டியது இன்றைய இராகு காலம் மட்டும். அதற்குள் திரை முழுவதும் ஒரு விளையாட்டு விளம்பரம் ஓடத் தொடங்குகிறது. சில விநாடி பொறுத்தால் மூலையில் மிகச் சிறியதாக ஒரு பெருக்கல் குறி தலைகாட்டும். விரல் சற்றுத் தவறினால் பிளே ஸ்டோர் திறந்துவிடும். இராகு காலத்தைக் காட்ட அந்தச் செயலிக்கு இணையமே பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் விளம்பர வீடியோ இறங்கிய சில மெகாபைட், நீங்கள் ரீலோட் போட்டு வாங்கிய டேட்டாவில்தான் கழிந்திருக்கிறது.

இதற்கு என்ன வழி என்று கேட்டால், "ஒரு விபிஎன் போடுங்களேன்" என்பதுதான் இலங்கையில் சட்டென்று வரும் பதில். அதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையை அடுத்து அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை ஒரு வாரமளவில் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டக் காலத்திலும் அதே கதை. கடைசித் தடை ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தானும் விபிஎன் வழியாகத்தான் வந்திருப்பதாகவும், இத்தகைய தடைகளால் பயனில்லை என்றும் டுவிட்டரில் எழுதினார். விபிஎன் என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகியது அந்த நாட்களில்தான். தடை நீங்கியது, செயலி பலருடைய போனில் தங்கிவிட்டது.

விளம்பரத்தை நிறுத்துவது வேறு, தடையைத் தாண்டுவது வேறு. முன்னதற்குப் பெரும்பாலானோருக்கு டிஎன்எஸ் வடிகட்டி ஒன்றே போதும். அதற்குப் புதிய செயலி வேண்டாம், காசும் வேண்டாம்.

விளம்பரம் எந்த வழியால் வருகிறது?

செயலியை எழுதியவர் விளம்பரங்களைத் தன் கையில் வைத்திருப்பதில்லை. கூகுளின் அட்மொப், யூனிட்டி, அப்லவின், மெட்டா போன்ற விளம்பர வலையமைப்புகளில் ஒன்றிடமிருந்து ஒரு நிரல் துண்டை வாங்கித் தன் செயலிக்குள் சேர்த்துவிடுகிறார். இந்தத் தொழிலில் புழங்கும் பணம் சிறிதல்ல. அட்மொப்பை வாங்கப்போவதாக 2009இல் அறிவித்தபோது கூகுள் சொன்ன விலை 75 கோடி டொலர்.

நீங்கள் செயலியைத் திறந்ததும் அந்த நிரல் துண்டு விளம்பர சேவையகத்தைத் தேடிப் போகும். உங்கள் போனின் விளம்பர அடையாள எண், போனின் மாதிரி, எந்த நாடு, எந்த இணைப்பு என்ற விவரங்கள் அங்கே போகும். உங்களுக்கு எதைக் காட்டலாம் என்று ஒரு நொடிக்குள் ஏலம் நடக்கும். வென்றவரின் படமோ வீடியோவோ இறங்கும்.

தேடிப் போவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. சேவையகத்தின் பெயர் மட்டுமே போனுக்குத் தெரியும். இணையத்தில் போய்ச் சேர எண்முகவரி வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவதுதான் டிஎன்எஸ். போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் 1983இல் வடிவமைத்த ஏற்பாடு இது. இன்றும் இணையம் இதன் மேல்தான் நடக்கிறது. நீங்கள் எதையும் மாற்றாதவரை இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது உங்கள் இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையகம்.

ஊருக்குப் புதிதாக வருபவர் சந்திக் கடையில் வீடு விசாரிப்பதைப் போலத்தான் இது. கடைக்காரர் வழி சொன்னால் ஆள் வீட்டுக்கு வருவார். "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்றால் திரும்பிப் போய்விடுவார். டிஎன்எஸ் வடிகட்டி செய்வது இரண்டாவதை. விளம்பரத்துக்கும் உளவுக்கும் பயன்படும் பல்லாயிரம் பெயர்களின் பட்டியல் அதனிடம் உண்டு. டபுள்கிளிக், கூகுள்சிண்டிகேஷன் போன்ற பெயர்களைக் கேட்டால் வெற்று முகவரியைத் தரும். விளம்பரம் இறங்காது; செயலி தன் பாட்டில் வேலை செய்யும். வரும் விளம்பரத்தை மறைத்துவைப்பதல்ல, அதை வரவே விடாமல் செய்வது என்பதால் டேட்டாவும் மிஞ்சும்.

ஆண்ட்ராய்டில் செய்யும் முறை

2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், போனிலேயே 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி இருக்கிறது. சாம்சங் போனில் செட்டிங்ஸ், கனெக்ஷன்ஸ், மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ் என்று போனால் கிடைக்கும். வேறு போன்களில் நெட்வேர்க் அல்லது கனெக்ஷன் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடற் பெட்டியில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஆங்கிலத்தில் எழுதினால் வந்துவிடும்.

உள்ளே மூன்று தெரிவுகள் இருக்கும்: ஓஃப், ஓட்டோமெட்டிக், சேவையகத்தின் பெயரை நாமே எழுதுவது. மூன்றாவதைத் தெரிந்து பெயரை எழுதிச் சேமிக்க வேண்டும். பலரும் பயன்படுத்துவது சைப்பிரசைத் தளமாகக் கொண்ட அட்கார்ட் நிறுவனத்தின் இலவச சேவை. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், இந்த வரிசையில் எழுதுங்கள்: முதலில் டிஎன்எஸ், ஒரு புள்ளி, அட்கார்ட், ஒரு இடைக்கோடு, மறுபடி டிஎன்எஸ், ஒரு புள்ளி, கடைசியில் கொம். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலர் சறுக்குவது எண்முகவரியை எழுதப் போய். பிரைவேட் டிஎன்எஸ் பெயரைத்தான் ஏற்கும். எண்ணைக் கொடுத்தால் சேமிக்கவே விடாது. பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் போனில் இணையமே வராது. பயப்பட வேண்டாம். அதே இடத்துக்குப் போய் ஓட்டோமெட்டிக் என்று மாற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. போனுக்கும் வடிகட்டிக்கும் இடையிலான கேள்வி பதில் மறைகுறியாக்கப்பட்டே போகும். விடுதியின் வைஃபையிலோ பஸ்ஸின் வைஃபையிலோ இருப்பவர் அதை இடைமறித்துப் படிக்க முடியாது.

பிள்ளைகளின் கையில் இருக்கும் போனுக்கு, முன்னால் வரும் டிஎன்எஸ் என்ற சொல்லுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஃபமிலி என்று எழுதினால், விளம்பரத்தோடு வயது வந்தோருக்கான தளங்களும் மறிபடும். தேடுபொறியின் பாதுகாப்பு முறையும் தானாக இயங்கும்.

எதை மறிப்பது, எதை விடுவது என்று தானே தீர்மானிக்க விரும்புபவருக்கு நெக்ஸ்ட்டிஎன்எஸ் பொருந்தும். கணக்குத் திறந்தால் உங்களுக்கென்று தனிப் பெயர் தருவார்கள். மாதம் 3,00,000 கேள்விகள் வரை இலவசம். அதைத் தாண்டினால் இணையம் நிற்காது. வடிகட்டல் மட்டும் அடுத்த மாதம் வரை நிற்கும்.

ஐபோனும் வீட்டு ரவுட்டரும்

ஐபோனில் இதே போன்ற வசதி 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் உண்டு. ஆனால் பெயரை எழுதும் பெட்டி இல்லை. வடிகட்டி நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து ஒரு 'புரொஃபைலை' இறக்கிச் செட்டிங்ஸில் நிறுவ வேண்டும், அல்லது அவர்களுடைய செயலியைப் போட வேண்டும். வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தில் டிஎன்எஸ் எண்ணைக் கையால் மாற்றவும் முடியும். அது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான். சிம் டேட்டாவுக்குச் செல்லாது.

எங்கே மாற்றுவது என்பது போன் எங்கே திரிகிறது என்பதைப் பொறுத்தது. திருமலையில் ஓர்ஸ் ஹில் என்கிற உவர்மலையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவின் போன் காலையில் உள்துறைமுக வீதிப் பக்கம் வேலைக்குப் போகிறது. மகளின் போன் ரியூஷனுக்குப் போகிறது. அம்மம்மாவின் போன் படி தாண்டுவதே இல்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் பிரைவேட் டிஎன்எஸ்தான் சரி. வைஃபையானாலும் சிம் டேட்டாவானாலும் அது கூடவே போகும். அம்மம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 9க்கு முந்தியது என்றால், வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணை மாற்றிவிடலாம்.

ரவுட்டரில் எழுத வேண்டியது எண். அட்கார்ட்டுக்கு 94.140.14.14, துணைக்கு 94.140.15.15. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிஎச்சிபி என்ற பகுதியில் இதற்கு இடம் இருக்கும். ஒருமுறை மாற்றினால் அந்த வைஃபையில் இருக்கும் தொலைக்காட்சி, டெப், போன் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இணைப்பு நிறுவனம் தந்த ரவுட்டர்கள் சிலவற்றில் இந்தப் பகுதி பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் ஒவ்வொரு போனிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதுதான்.

கணினியில் கைவைத்துப் பழகியவர்கள் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் பைஹோல் என்ற இலவச மென்பொருளை நிறுவி, வடிகட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பட்டியல் உங்கள் கையில், பதிவுகளும் உங்கள் கையில். அந்தச் சிறு கணினி நின்றால் வீட்டில் யாருக்கும் இணையம் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

எது நிற்கும், எது நிற்காது?

பஞ்சாங்கம், டோர்ச், பிடிஎஃப், ரேடியோ, செய்தி, சின்னச் சின்ன விளையாட்டு ஆகிய செயலிகளில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். பின்னணியில் சத்தமில்லாமல் தகவல் அனுப்பும் உளவு நிரல்களும் சேர்ந்தே மறிபடும்.

யூடியூப் விளம்பரம் நிற்காது. பேஸ்புக், இன்ஸ்டகிராமில் பதிவுகளுக்கு நடுவே வருவதும் நிற்காது. அவர்கள் விளம்பரத்தையும் உள்ளடக்கத்தையும் ஒரே பெயரில் உள்ள சேவையகத்திலிருந்து அனுப்புகிறார்கள். அந்தப் பெயரை மறித்தால் வீடியோவும் வராது. டிஎன்எஸ் பார்ப்பது பெயரை மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இந்த எல்லையைத் தாண்டி எல்லா விளம்பரத்தையும் நிறுத்துவதாக ஒரு டிஎன்எஸ் சேவை சொன்னால் நம்ப வேண்டாம்.

விளம்பரத்தைப் பார்த்தால் நாணயம் தருவதாகச் சொல்லும் விளையாட்டுகளில் அந்த நாணயமும் கிடைக்காது. எண்முகவரியை நேரடியாகத் தன் நிரலுக்குள் எழுதிவைத்த செயலிகளும், தனக்கென்று வேறு டிஎன்எஸ் வைத்திருக்கும் செயலிகளும் வடிகட்டியிடம் கேட்காமலே போய்விடும்.

விபிஎன் என்ற பெயரில் இரண்டு சாமான்

விபிஎன் என்று சொல்லும்போது இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறோம்.

முதலாவது, போனுக்குள்ளேயே நடப்பது. செயலிகள் எல்லாவற்றின் போக்குவரத்தையும் ஒரு செயலி வழியாகத் திருப்பிவிடும் வசதியை 2011இல் ஆண்ட்ராய்டு 4.0 தந்தது. விளம்பரத் தடுப்புச் செயலிகள் அதைப் பயன்படுத்துகின்றன. மேலே சாவி அடையாளம் தெரியும். ஆனால் உங்கள் டேட்டா எந்த வெளிநாட்டுச் சேவையகத்துக்கும் போவதில்லை. போனுக்குள்ளேயே சலித்துவிட்டு நேரே வெளியே போகிறது. அட்கார்ட் செயலி, டிஎன்எஸ்66, ரீதிங்க் டிஎன்எஸ் எல்லாம் இந்த வகையில் வேலை செய்யக்கூடியவை. எந்தச் செயலி எந்தப் பெயரைத் தேடுகிறது என்று செயலிவாரியாகக் காட்டி, ஒன்றை மட்டும் மறிக்க விடுவது ரீதிங்க் போன்றவற்றின் பலம். ஆண்ட்ராய்டு 9க்கு முந்திய போனுக்கும் இது உதவும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன் மட்டுமே இயங்கும். வேலைத்தலத்து விபிஎன் தேவைப்படுபவருக்கு இது இடைஞ்சல்.

பிற செயலிகளின் விளம்பர வருமானத்தில் கைவைக்கும் விபிஎன் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி அதை வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால் முழுமையான தடுப்புச் செயலிகளை அவற்றின் சொந்த இணையதளத்திலோ எஃப்டிரொய்ட் என்ற திறந்த மூலக் களஞ்சியத்திலோதான் எடுக்க வேண்டும். யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய ஏபிகே கோப்பைத் தொடவே கூடாது.

இரண்டாவது, உண்மையான விபிஎன். உங்கள் போக்குவரத்து முழுவதையும் பொதிந்து, சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ உள்ள ஒரு சேவையகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வெளியே விடுவது. 2018இலும் 2022இலும் நாம் போட்டது இதைத்தான். தடையைத் தாண்ட இது உதவும். விளம்பரத்தை மறிப்பது இதன் இயல்பு அல்ல. சில கட்டணச் சேவைகள் டிஎன்எஸ் வடிகட்டியைக் கூடவே சேர்த்துத் தருகின்றன, அவ்வளவுதான்.

இலங்கை வாசகருக்கு இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. நம்மில் பலர் வாங்குவது யூடியூப், பேஸ்புக், வட்ஸ்அப் ஆகியவற்றுக்கென்று தனி ஒதுக்கீடு உள்ள பெக்கேஜ். நீங்கள் பார்ப்பது யூடியூப்தான் என்று இணைப்பு நிறுவனத்துக்குத் தெரிந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் கழிக்கும். விபிஎன் போட்டால் அதற்குத் தெரிவது ஒரு வெளிநாட்டுச் சேவையகம் மட்டும். எல்லாம் எனிடைம் டேட்டாவில் கழியும். விளம்பரத்தை நிறுத்தி டேட்டா மிச்சம் பிடிக்கப் போனவருக்கு இரண்டே நாளில் பெக்கேஜ் முடிவது இதனால்தான். பிரைவேட் டிஎன்எஸ்ஸோ போனுக்குள் நடக்கும் வடிகட்டலோ பொதுவாக இந்தக் கணக்கைக் குழப்புவதில்லை. எதற்கும் மாற்றிய முதல் நாள் மிச்ச டேட்டாவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவச விபிஎன்னுக்கு விலை என்ன?

வெளிநாட்டில் சேவையகம் நடத்தக் காசு வேண்டும். உங்களிடம் வாங்காதவர் வேறு யாரிடமோ வாங்குகிறார். விற்கும் பொருள் பெரும்பாலும் நீங்கள்தான்.

ஒனவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை 2013இல் பேஸ்புக் வாங்கியது. டேட்டாவையும் அந்தரங்கத்தையும் காப்பதாகச் சொல்லி இலவசமாகத் தந்த விபிஎன் அதனுடையது. போட்டுவிட்டு மறந்தவர்களின் போனில் எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அது கவனித்துப் பேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிளின் கடையிலிருந்து அது நீங்கியது. 2019இல் முற்றாக மூடப்பட்டது. இந்த விபரத்தைப் பயனர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பதற்காக மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2023 ஜூலையில் அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

2016இல் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். 75 வீதமானவற்றில் மூன்றாம் தரப்பு உளவு நிரல்கள் இருந்தன. 38 வீதமானவற்றில் தீநிரலின் அடையாளம் தென்பட்டது. 18 வீதமானவை போக்குவரத்தை மறைகுறியாக்கவே இல்லை. விளம்பரத்துக்குப் பயந்து இவற்றுக்குள் ஓடுவது, சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதைதான்.

வரக்கூடிய சிக்கல்கள்

வங்கிச் செயலிகள் சில, விபிஎன் ஓடினால் திறக்க மறுக்கும். அந்நேரம் அதை நிறுத்திவிட்டு வேலையை முடியுங்கள். பிரைவேட் டிஎன்எஸ்ஸால் இந்தத் தொல்லை குறைவு.

விடுதி வைஃபையில் அறை எண் கேட்கும் பக்கம் வராவிட்டால் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஓஃப் செய்து, உள்ளே போன பிறகு மீண்டும் போடுங்கள். ஒரு செயலி திடீரென்று வேலை செய்யாவிட்டாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது வடிகட்டியைத்தான். பிரைவேட் டிஎன்எஸ்ஸும் போனுக்குள் ஓடும் விபிஎன் வகைச் செயலியும் ஒன்றையொன்று இடறக்கூடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்எஸ்ஸை மாற்றும்போது நம்பிக்கையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறீர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. முன்பு உங்கள் இணைப்பு நிறுவனத்திடம் போன பெயர்க் கேள்விகள் இனி வடிகட்டி நிறுவனத்திடம் போகின்றன. நீங்கள் எந்தத் தளத்தைத் தேடினீர்கள் என்பது அதற்குத் தெரியும். அங்கே என்ன எழுதினீர்கள், என்ன கடவுச்சொல் கொடுத்தீர்கள் என்பது தெரியாது. அந்தரங்கக் கொள்கையை வெளியிட்டிருக்கும், பெயர் தெரிந்த சேவையையே பயன்படுத்துங்கள்.

விளம்பரத்தை மறிப்பது தவறா என்று சிலர் கேட்பார்கள். தேடுபொறி விளம்பரங்களில் பெயர்பெற்ற நிறுவனங்களைப் போல வேடமிட்டு ஏமாற்றுபவர்கள் பெருகியதால், விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் மக்களுக்கு அறிவுறுத்தியது. இங்கேயும் பொய்க் கடன், பொய் வேலை, சூதாட்டம் என்று வயதானவர்களின் விரலுக்குக் காத்திருக்கும் விளம்பரங்கள் குறைவில்லை. அதேநேரம் நல்ல செயலி ஒன்றை எழுதித் தருபவருக்கு விளம்பரம்தான் சோறு. நாள்தோறும் பயன்படும் செயலிக்கு விளம்பரமில்லாத கட்டணப் பதிப்பு இருந்தால் அதை வாங்குங்கள்.

செய்ய வேண்டியது இரண்டே வேலை. தடைக்காலத்தில் போட்ட இலவச விபிஎன் இன்னும் போனில் இருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். பிறகு உங்கள் போனிலும் வீட்டிலுள்ள பெரியவர்களின் போனிலும் பிரைவேட் டிஎன்எஸ்ஸைப் போட்டுவிடுங்கள். எப்படிப் பழையபடி மாற்றுவது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.